போக்குக் காட்டும் கால்கள்
(அமெரிக்கக் கால்பந்தில் தப்பித்து ஓடும் கலை)



போன மாதம் ஒருநாள் மழை பிடித்துக்கொண்டதால் விளையாட்டு பீரியடில் மைதானத்துக்குப் போக முடியவில்லை. அப்போது பி.டி. சார் தன் செல்போனில் ஒரு வீடியோ காட்டினார். தலையில் ஹெல்மெட், தோளில் பெரிய கவசம் போட்ட ஒருவர் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுகிறார். எதிரே வந்த ஒருவருக்கு டேக்கா கொடுத்தார். அடுத்தவர் பிடிக்க வந்ததும் பம்பரம் மாதிரி ஒரு சுற்று சுற்றினார். சுற்றி முடிக்கும்போது அவர் முதுகுப் பக்கம் மூன்றாவது ஆள் குனிந்து பாய்ந்து வருகிறார். இவர் திரும்பிக்கூடப் பார்க்காமல், பின்பக்கமாகவே எகிறி அந்த ஆளைத் தாண்டிக் குதித்துவிட்டார்! நாங்க எல்லாரும் “ஆ...”னு கத்திட்டோம்.

ஆனால் எங்க வகுப்புப் பையன் ஒருத்தன் மட்டும், “என்ன சார், இவரு நழுவி நழுவி ஓடுறாரு. நேரா மோதுறவன்தானே வீரன்?”னு கேட்டான். எல்லாரும் சிரிச்சாங்க. நானும்தான் சிரிச்சேன். சார் சிரிக்கவில்லை. “நல்ல கேள்வி. யாராவது படிச்சுட்டு வந்து சுவர் இதழுக்கு எழுதுங்க” என்றார். அதனால்தான் இந்தக் கட்டுரை.

அந்த வீடியோவில் இருந்தவர் பெயர் சாக்வான் பார்க்லி. 2024 நவம்பர் 3-ஆம் தேதி பிலடெல்பியா ஈகிள்ஸ் அணிக்காக, ஜாக்சன்வில் ஜாகுவார்ஸ் அணியை எதிர்த்து ஆடியபோது அப்படிக் குதித்தார்.

முதலில் ஆட்டத்தைத் தெரிந்துகொள்வோம்

நாம் கால்பந்து என்று சொல்வது வேறு, அமெரிக்கர்கள் ஃபுட்பால் என்று சொல்வது வேறு. அவர்களுடைய பந்து உருண்டையாக இருக்காது. இரண்டு பக்கமும் கூராக, பெரிய மாங்காய் மாதிரி இருக்கும். பெரும்பாலும் கையில் வைத்துக்கொண்டு ஓடுவார்கள், அல்லது எறிவார்கள்.

ஒரு பக்கத்துக்கு 11 பேர். மைதானத்தின் நீளம் 100 கெஜம், அதாவது சுமார் 91 மீட்டர். இரு முனைகளிலும் 10 கெஜம் அகலத்துக்கு ஒரு பட்டை இருக்கும். எதிரணியின் பட்டைக்குள் பந்தோடு போய்விட்டால் ‘டச் டவுன்’. அதற்கு 6 புள்ளிகள்.

பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புகள் தருவார்கள். அதற்குள் 10 கெஜமாவது முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடி நான்கு வாய்ப்பு. முடியாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். ஆகவே இந்த ஆட்டத்தில் ஒவ்வொரு அடிக்கும் மதிப்பு உண்டு. ஒரு முழம் குறைந்ததால் தோற்ற அணிகளும் உண்டு.

பந்தை வாங்கிக்கொண்டு கூட்டத்துக்குள் புகுந்து ஓடுவதே முக்கிய வேலையாக உள்ளவருக்கு ‘ரன்னிங் பேக்’ என்று பெயர். அவரைக் கட்டிப் பிடித்துக் கீழே தள்ளுவதற்கு ‘டேக்கிள்’ என்று பெயர். எதிரணியின் முன்வரிசையில் 130 கிலோவுக்கு மேல் எடை உள்ளவர்களும் நிற்பார்கள். சடுகுடுவில் பாடிப் போகிறவருக்குத் தொட்டுவிட்டுத் திரும்பி ஓடிவர ஒரு கோடு இருக்கிறது. ரன்னிங் பேக்குக்குத் திரும்பி ஓட இடமில்லை. அவர் போகவேண்டிய இடம் அந்த 11 பேருக்கும் பின்னால் இருக்கிறது. அதாவது அவர் தப்பித்து ஓடுவதே எதிரிகளை நோக்கித்தான்! இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் தேவைப்படும்.

கண்ணுக்கும் காலுக்கும் நடுவில் 0.2 வினாடி

தப்பிக்கும் வித்தை எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒரு சின்ன அறிவியல். நாம் ஒன்றைக் கண்ணால் பார்த்த உடனே உடம்பு அசைவதில்லை. கண் பார்க்கணும், மூளைக்குச் சேதி போகணும், மூளை முடிவெடுத்து நரம்பு வழியாகத் தசைக்குச் சொல்லணும். இதற்கு ஏறக்குறைய 0.2 வினாடி ஆகிறது. எவ்வளவு பயிற்சி செய்தாலும் இந்த நேரத்தை முழுசாக ஒழிக்க முடியாது.

0.2 வினாடி என்றால் கண் சிமிட்டும் நேரம்தான். ஆனால் வினாடிக்கு 8 மீட்டர் வேகத்தில் ஓடுகிறவர் அந்த நேரத்தில் எவ்வளவு தூரம் போவார்? 8 × 0.2 = 1.6 மீட்டர். நம்முடைய உயரம் அளவுக்குப் போய்விடுவார்! அந்த 1.6 மீட்டர்தான் ரன்னிங் பேக்கின் சொத்து.

இன்னொன்றும் உண்டு. ‘இடமா, வலமா’ என்று தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தால் மூளைக்கு இன்னும் கூடுதல் நேரம் பிடிக்கிறது. முதல் அசைவுக்கு மூளை பதில் தயாரித்துக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது அசைவு வந்தால், இரண்டாவதற்கான பதில் வரிசையில் காத்திருக்க வேண்டும். ரேஷன் கடையில் முன்னால் இருப்பவருக்கு எடை போட்டு முடித்தால்தானே நமக்குப் போடுவார்கள்? அதே கதைதான். முதலில் ஒரு பொய் அசைவு, உடனே உண்மை அசைவு. இதைத்தான் நாம் ‘போக்குக் காட்டுறது’ என்கிறோம்.

இடுப்பு பொய் சொல்லாது

அப்படியானால் பிடிக்க வருகிறவர் ஏமாறாமல் இருக்க என்ன செய்யவேண்டும்? பயிற்சியாளர்கள் சொல்லித் தருவது இதுதான்: ஓடுகிறவர் கண்ணைப் பார்க்காதே, தலையைப் பார்க்காதே, இடுப்பைப் பார்.

கண் பொய் சொல்லும். தலை பொய் சொல்லும். தோளை ஒரு பக்கம் ஆட்டிவிட்டு மறு பக்கம் போகலாம். ஆனால் நம் உடம்பின் புவியீர்ப்பு மையம் இடுப்புக்கு அருகில் இருக்கிறது. இடுப்பு போகாமல் உடம்பு எங்கேயும் போக முடியாது.

ஆகவே இது பொய் சொல்லும் தலைக்கும், உண்மையைத் தேடும் கண்ணுக்கும் நடக்கிற சண்டை. இனி ஒவ்வொரு வித்தையாகப் பார்ப்போம்.

ஆறு வித்தைகள்

1. நடையை மாற்றுதல்

மிகவும் எளிமையானது, ஆனால் நாம் நினைப்பதைவிடப் பலமானது. ஓடிக்கொண்டே இருக்கும்போது திடீரென்று சின்னச் சின்ன அடியாக வைத்து வேகத்தைக் குறைப்பார்கள். பிடிக்க வருகிறவர் சாய்வாக ஓடி வருவார். ‘இன்ன இடத்தில் இவனைப் பிடித்துவிடலாம்’ என்று அவர் மனசுக்குள் ஒரு கணக்கு இருக்கும். ஓடுகிறவர் வேகத்தை மாற்றினால் அந்தக் கணக்கு தப்பாகிவிடும். அவரும் வேகத்தைக் குறைப்பார். அந்த நொடியில் இவர் மறுபடி பாய்ந்துவிடுவார்.

இதில் பெயர் வாங்கியவர் சிகாகோ பேர்ஸ் அணியின் வால்ட்டர் பேட்டன். 1975 முதல் 1987 வரை 13 பருவங்கள் ஆடினார். அத்தனை ஆண்டுகளில் அவர் ஆடாமல் விட்டது ஒரே ஒரு ஆட்டம்! மொத்தம் 16,726 கெஜம் ஓடினார். பயிற்சிக்காகச் செங்குத்தான மேட்டில் ஏறி ஏறி ஓடுவாராம்.

2. ஜூக்

நாம் டேக்கா என்று சொல்வதுதான் இது. இடப்பக்கம் போகவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வலது காலை உடம்புக்கு வெளியே வலப்பக்கம் ஊன்றி, தலையையும் தோளையும் வலப்பக்கம் சாய்க்க வேண்டும். எதிராளி வலப்பக்கம் ஒரு அடி எடுத்து வைப்பார். உடனே ஊன்றிய வலது காலால் தரையை உதைத்து இடப்பக்கம் பாய வேண்டும்.

இதில் தூரம் முக்கியம். ரொம்ப முன்னாலேயே செய்தால் எதிராளி சுதாரித்துக்கொள்வார். ரொம்ப நெருங்கிச் செய்தால் கைக்கு எட்டிவிடும். அவர் கை எட்டும் தூரத்துக்குச் சற்று வெளியே இருக்கும்போதே செய்யணும். திரும்பிய உடனே வேகம் எடுக்கணும். நின்று வேடிக்கை பார்த்தால் அவ்வளவுதான், பின்னால் இன்னும் 10 பேர் வர்றாங்க!

3. ஜம்ப் கட்

ஓடிக்கொண்டிருப்பவர் குனிந்து, பக்கவாட்டில் ஒரே தாவாகத் தாவி, வேறு சந்தில் போய் நிற்பார். அங்கிருந்து மறுபடி நேராக ஓடுவார். ஒரு கதவு மூடியிருந்தால் பக்கத்துக் கதவுக்குப் போவது மாதிரி.

இதில் மன்னர் டெட்ராய்ட் லயன்ஸ் அணியின் பேரி சாண்டர்ஸ். இவர் உயரம் சுமார் 173 செ.மீ. தான். அந்த ஆட்டத்துக்கு இது குள்ளம். பள்ளியில் படித்தபோது இவர் உயரத்தைப் பார்த்துப் பல கல்லூரிகள் இவரை வேண்டாம் என்று விட்டுவிட்டன. ஆனால் குள்ளமாக இருந்ததால் இவருடைய புவியீர்ப்பு மையமும் தாழ்வாக இருந்தது. தாழ்வாக இருந்தால் சட்டென்று திரும்பலாம், எளிதில் விழ மாட்டார்கள். எதைக் குறை என்று சொன்னார்களோ அதுவே இவருக்குப் பலமாகிவிட்டது.

1997-இல் ஒரே பருவத்தில் 2,053 கெஜம் ஓடினார். 1989 முதல் 1998 வரை 10 பருவங்களில் 3,062 முறை பந்தை எடுத்து ஓடி, மொத்தம் 15,269 கெஜம் கடந்தார். இதைக் கிலோமீட்டரில் மாற்றிப் பார்த்தேன். ஏறக்குறைய 14 கி.மீ. தான் வருகிறது! பத்து வருஷம் உழைத்து 14 கிலோமீட்டர். ஒரு முறைக்குச் சராசரியாகச் சுமார் நாலரை மீட்டர். இதற்கே உலகம் கைதட்டுகிறது என்றால், அந்த நாலரை மீட்டர் எவ்வளவு கஷ்டம் என்று புரிந்துகொள்ளுங்கள்.

டச் டவுன் செய்தால் பலர் ஆடுவார்கள், பாடுவார்கள். சாண்டர்ஸ் பந்தை அமைதியாக நடுவர் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். எனக்கு இவரிடம் ரொம்பப் பிடித்தது இதுதான்.

4. ஸ்பின்

எதிராளி ஒரு பக்கத் தோளில் மோத வரும்போது, அந்த மோதலின் மீதே உருண்டு முழுச் சுற்று சுற்றி மறுபக்கம் வெளியேறுவது. கிணற்றுச் சகடை கயிறு போகிற பக்கமே உருண்டு கொடுக்கிற மாதிரி. எதிராளியின் விசையை எதிர்க்காமல், அதோடு சேர்ந்து திரும்பிவிடுவதால் அவர் பிடி வழுக்கிவிடும்.

ஆபத்தும் உண்டு. சுற்றும்போது கொஞ்ச நேரம் முன்னால் இருப்பது தெரியாது. பந்தைத் தளர்வாகப் பிடித்தால் யாராவது தட்டிவிடுவார்கள். ஆகவே பந்தின் கூர்முனையை விரல்களால் மூடி, முன்கையோடும் விலாவோடும் ஒட்டி அணைத்துக்கொள்வார்கள். கையை உடம்போடு ஒட்டிக்கொண்டால் வேகமாகவும் சுற்றலாம். மைதானத்தில் கையை விரித்துச் சுற்றிவிட்டு, பிறகு கையை மடக்கிச் சுற்றிப் பாருங்கள். வித்தியாசம் தெரியும். (தலை சுத்தினா நான் பொறுப்பில்ல!)

5. ஸ்டிஃப் ஆர்ம்

பந்து இல்லாத கையால் எதிராளியின் மார்பையோ தோளையோ தள்ளி, அவரைக் கை நீளத்துக்கு அப்பாலேயே நிறுத்துவது. கையை முதலிலேயே நீட்டி வைத்தால் அதையே பிடித்துக்கொள்வார்கள். மடக்கி வைத்திருந்து, தொடும் நொடியில் நிமிர்த்தித் தள்ளணும். இதற்காகவே எதிராளி எந்தப் பக்கம் வருகிறாரோ அதற்கு மறுபக்கக் கையில் பந்தை மாற்றிக்கொள்வார்கள். தள்ளலாம், ஆனால் ஹெல்மெட்டின் முன்கம்பியைப் பிடித்து இழுக்கக் கூடாது. இழுத்தால் 15 கெஜம் தண்டனை.

வால்ட்டர் பேட்டனும், கிளீவ்லேண்ட் பிரௌன்ஸ் அணியின் ஜிம் பிரௌனும் இதில் கெட்டிக்காரர்கள். ஜிம் பிரௌன் 1957 முதல் 1965 வரை 9 பருவங்கள் ஆடி, ஒரு ஆட்டம்கூடத் தவறவிடவில்லை.

6. ஹர்டில்

குனிந்து காலைப் பிடிக்க வருகிறவரைத் தாண்டிக் குதிப்பது. பார்க்லி பின்பக்கமாகச் செய்தது இதைத்தான். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் காற்றில் இருக்கும்போது காலுக்குக் கீழே தரை இல்லை. தரை இல்லாமல் திசையை மாற்ற முடியாது. யாராவது அப்போது இடித்தால் தலைகுப்புற விழ வேண்டியதுதான். அதனால் அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் ஆடும் ஆட்டத்தில், நின்றுகொண்டிருக்கும் எதிராளியைத் தாண்டிக் குதிப்பது விதிப்படி தவறு. அதற்கும் 15 கெஜம் தண்டனை. வீடியோவில் பார்த்துட்டு யாரும் இதை இங்கே செய்ய வேண்டாம், ப்ளீஸ்!

சேற்றில் ஒரு சாதனை

1965 டிசம்பர் 12. சிகாகோவில் மழை பெய்து மைதானம் முழுக்கச் சேறு. அன்று சான் பிரான்சிஸ்கோ அணிக்கு எதிராக, கேல் சேயர்ஸ் என்ற 22 வயது வீரர் ஒரே ஆட்டத்தில் 6 டச் டவுன் செய்தார். மற்றவர்கள் வழுக்கி விழ, இவர் மட்டும் நெளிந்து நெளிந்து ஓடினார்.

சேறு எல்லாருக்கும் ஒன்றுதானே, அப்புறம் எப்படி? யோசித்துப் பார்த்தேன். உராய்வு குறைந்தால் இருவருக்கும் வழுக்கும், உண்மை. ஆனால் எங்கே திரும்பப் போகிறோம் என்பது ஓடுகிறவருக்கு முன்பே தெரியும். அவர் அடியைக் குறுக்கி, காலை உடம்புக்கு நேர் கீழே வைத்துக்கொள்ளலாம். துரத்துகிறவருக்குத் தெரியாது. அவர் 0.2 வினாடி தாமதமாகத் தெரிந்துகொண்டு, அவசரமாகக் காலை வீசி ஊன்றுவார். வழுக்கிவிடும். முன்கூட்டியே முடிவெடுத்தவருக்குச் சேறும் உதவி செய்கிறது.

ஆனால் 1968-இல் இதே சேயர்ஸுக்கு ஓட்டத்தின் நடுவில் முழங்காலில் பலத்த அடிபட்டது. 1969-இல் திரும்பி வந்து, அந்தப் பருவத்தில் லீக்கிலேயே அதிக தூரம் ஓடினார். அடுத்த ஆண்டு இன்னொரு முழங்காலிலும் அடி. அதன்பிறகு முன்போல் ஓட முடியவில்லை.

ஒரு சின்னக் கணக்கு

நம் அறிவியல் பாடத்தில் வேகம் வேறு, திசைவேகம் வேறு என்று படித்தோம். திசைவேகத்தில் திசையும் சேர்ந்தது. ஆகவே வேகம் மாறாமல் திசை மட்டும் மாறினாலும் அது முடுக்கம்தான். பரீட்சைக்காக மனப்பாடம் செய்தேன், உண்மையைச் சொன்னால் அப்போது புரியவில்லை. ஜூக்கைப் பார்த்த பிறகுதான் புரிந்தது.

90 கிலோ எடையுள்ள ஒருவர் நேராக ஓடிக்கொண்டிருக்கிறார். கால் ஊன்றிய கால் வினாடியில் (0.25 வினாடி) பக்கவாட்டில் வினாடிக்கு 2.5 மீட்டர் வேகம் பெறுகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

முடுக்கம் = 2.5 ÷ 0.25 = 10 மீ/வி²
விசை = 90 × 10 = 900 நியூட்டன்

90 கிலோ ஆளின் எடையும் ஏறக்குறைய 900 நியூட்டன்தான். அதாவது தன் முழு எடைக்குச் சமமான விசையை ஒரே காலால் பக்கவாட்டில் தரைமீது செலுத்துகிறார். தரையும் அதே அளவு திருப்பித் தள்ளுகிறது. இதை முழங்கால்தான் தாங்க வேண்டும்.

மாணவிகளே, இந்தப் பகுதியைக் கவனமாகப் படியுங்கள். சட்டென்று திரும்புகிற விளையாட்டுகளில் முழங்காலுக்குள் இருக்கும் முன்பக்கக் குறுக்குத் தசைநார் அறுந்து போவது, பையன்களைவிடப் பெண் பிள்ளைகளுக்கு அதிகம் நடக்கிறது என்று மருத்துவ ஆராய்ச்சிகள் சொல்கின்றன. பயந்து விளையாடாமல் இருக்க வேண்டியதில்லை. முறையாகப் பழகினால் இந்த ஆபத்து குறையும் என்பதும் ஆராய்ச்சியில் தெரிந்ததுதான்:

• விளையாடும் முன் உடம்பைச் சூடு பண்ணிக்கொள்ளுங்கள்.
• ஊன்றும்போது முழங்காலை மடக்கி ஊன்றுங்கள். விறைப்பாக வேண்டாம்.
• முழங்கால் உள்பக்கமாகச் சாயக் கூடாது. பாதம் பார்க்கும் திசையையே முழங்காலும் பார்க்கணும்.
• குதித்தால் சத்தம் வராமல் மெதுவாக இறங்கிப் பழகுங்கள்.

கோ-கோ, சடுகுடு, கூடைப்பந்து எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

மோதினால் என்ன ஆகும்?

இப்போது நம் நண்பனின் கேள்விக்கு வருவோம். “மோதுறவன்தானே வீரன்?”

ஹெல்மெட் மண்டை ஓட்டைக் காப்பாற்றும். ஆனால் மண்டைக்குள்ளே மூளை, செம்புக்குள் தண்ணீர் மாதிரி ஆடுவதை அது முழுசாகத் தடுக்காது. தலையில் மீண்டும் மீண்டும் அடிபட்டால் பல வருஷம் கழித்து சி.டி.இ. என்ற மூளைச் சிதைவு நோய் வரலாம். 2017-இல் பாஸ்டன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், தொழில்முறை லீக்கில் ஆடி இறந்துபோன 111 வீரர்களின் மூளையைச் சோதித்தார்கள். 110 பேருக்கு இந்த நோய் இருந்தது! இவை குடும்பத்தார் தானமாகக் கொடுத்த மூளைகள். உயிரோடு இருந்தபோதே பலருக்கு ஞாபக மறதி போன்ற தொல்லை இருந்ததால்தான் கொடுத்தார்கள். ஆகவே ஆடிய எல்லாருக்கும் இதே அளவில் வரும் என்று அர்த்தமில்லை. ஆனாலும் படித்தபோது எனக்கு மனசு பாரமாகிவிட்டது. 2018 முதல், தலையைக் குனிந்து ஹெல்மெட்டால் எதிராளியை முட்டுவது அந்த லீக்கில் தவறு என்று விதி வந்துவிட்டது.

ஆக, ரன்னிங் பேக் தவிர்க்கிற ஒவ்வொரு மோதலும் அவர் மூளைக்கும் முழங்காலுக்கும் அவரே போட்டுக்கொள்ளும் பூட்டு.

அதற்காக எப்போதும் ஆடிக்கொண்டே இருந்தால் போதும் என்றும் சொல்ல முடியாது. நழுவுவதிலும் நஷ்டம் உண்டு. பேரி சாண்டர்ஸேகூடச் சந்து தேடி அங்கும் இங்கும் போய், ஆரம்பித்த இடத்துக்கும் பின்னால் பிடிபட்ட ஆட்டங்கள் பல. அதனால்தான் பயிற்சியாளர்கள் ‘ஒரு வெட்டு, உடனே ஓட்டம்’ என்று பழக்குகிறார்கள். அந்த ஒரு கெஜம் கண்டிப்பாக வேண்டும் என்கிற நேரத்தில் தோளைக் கொடுத்து முட்டித்தான் ஆகணும். எப்போது எது என்று தெரிந்திருப்பதுதான் திறமை.

கொடியைப் பறிக்கும் ஆட்டம்

மோதலே இல்லாமல், தப்பிக்கும் கலையை வைத்தே ஆடும் ஒரு வகையும் இருக்கிறது. அதன் பெயர் ஃபிளாக் ஃபுட்பால். கொடிக் கால்பந்து என்று சொல்லலாம். பக்கத்துக்கு 5 பேர். ஒவ்வொருவர் இடுப்பிலும் இரு பக்கமும் ரிப்பன் மாதிரி கொடி தொங்கும். ஓடுகிறவரின் கொடியை உருவிவிட்டால் அவர் பிடிபட்டார் என்று கணக்கு. கட்டிப் பிடிக்கக் கூடாது, தள்ளக் கூடாது. ஸ்டிஃப் ஆர்முக்கு இங்கே இடமில்லை. கையால் கொடியை மறைத்தாலும் தவறு.

கொடி எங்கே தொங்குகிறது பார்த்தீர்களா? இடுப்பில்! பொய் சொல்லத் தெரியாத இடத்தில். ஆகவே இதில் இடுப்பையே நெளித்துக் காப்பாற்ற வேண்டும்.

2022-இல் அமெரிக்காவில் பர்மிங்காம் நகரில் நடந்த உலக விளையாட்டுப் போட்டியில், பெண்கள் கொடிக் கால்பந்து இறுதி ஆட்டத்தில் மெக்சிகோ அணி அமெரிக்காவை 39–6 என்று தோற்கடித்துத் தங்கம் வாங்கியது. அமெரிக்கர்களின் ஆட்டத்தில், அமெரிக்க மண்ணிலேயே! அந்த மெக்சிகோ அணியை நடத்தியவர் டயானா ஃபுளோரஸ் என்ற பெண். கொடியைப் பறிக்க வருகிறவர்களிடமிருந்து அவர் வளைந்து தப்பிப்பதைப் பார்த்தால், பாம்பு வரப்பில் ஓடுகிற மாதிரி இருக்கும்.

2023 அக்டோபரில் சர்வதேச ஒலிம்பிக் குழு நம் மும்பையில் கூடியபோது, 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் கொடிக் கால்பந்தைச் சேர்க்க முடிவு செய்தது. ஆண்களுக்கும் உண்டு, பெண்களுக்கும் உண்டு. பாருங்கள், ஒலிம்பிக்குக்குப் போனது மோதல் இல்லாத, தப்பிக்கும் ஆட்டம்தான்!

செய்து பாருங்கள்

உங்கள் 0.2 வினாடியை நீங்களே அளக்கலாம். தேவை: 30 செ.மீ. ஸ்கேல் ஒன்று, நண்பர் ஒருவர்.

நண்பர் ஸ்கேலைச் செங்குத்தாகத் தொங்கவிட வேண்டும். 0 இருக்கும் முனை கீழே. நீங்கள் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் தொடாமல் 0-க்கு இரு பக்கமும் வைத்திருங்கள். அவர் சொல்லாமல் விடுவார். நீங்கள் பிடிக்கணும். பிடித்த இடத்தில் உள்ள அளவைப் பாருங்கள்.

10 செ.மீ. — 0.14 வினாடி
15 செ.மீ. — 0.175 வினாடி
20 செ.மீ. — 0.20 வினாடி
25 செ.மீ. — 0.23 வினாடி
30 செ.மீ. — 0.25 வினாடி

ஐந்து தடவை செய்து சராசரி எடுங்கள். எனக்கு 21 செ.மீ. வந்தது. பிறகு நண்பர் கையை ஆட்டிப் போக்குக் காட்டிவிட்டு ஸ்கேலை விடட்டும். எத்தனை செ.மீ. கூடுகிறது என்று பாருங்கள்!

கடைசியாக ஒன்று

நேராக மோதுகிறவருக்குத் துணிச்சல் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ரன்னிங் பேக் யாரைப் பார்த்தும் புறமுதுகு காட்டி ஓடவில்லை. 11 பேர் இருக்கிற பக்கமே ஓடுகிறார். கடைசி நொடி வரை கண்ணைத் திறந்து வைத்து, எதிராளி கை எட்டப் போகும் தூரம் வரை காத்திருந்து, அப்புறம்தான் திரும்புகிறார். பயந்தவரால் அவ்வளவு நேரம் காத்திருக்க முடியுமா? முன்னாலேயே திரும்பிவிடுவார், மாட்டிக்கொள்வார்.

நம்மில் பலர் குட்டையாக இருக்கிறோம், ஒல்லியாக இருக்கிறோம். ‘நீயெல்லாம் என்ன விளையாடப் போற’ என்று டீமில் சேர்க்க மாட்டேன்கிறார்கள். அப்படிச் சொல்கிறவர்களுக்கு 173 செ.மீ. பேரி சாண்டர்ஸைச் சொல்லுங்கள்.

கேள்வி கேட்ட நண்பனே, இது உனக்கு என் பதில். உனக்கு வேறு கருத்து இருந்தால் அடுத்த இதழில் எழுது. கட்டாயம் படிப்பேன்.

சிந்திக்க மூன்று கேள்விகள்

1. வினாடிக்கு 6 மீட்டர் வேகத்தில் ஓடுகிறவர் 0.2 வினாடியில் எவ்வளவு தூரம் போவார்?
2. பிடிக்க வருகிறவர் இடுப்பைப் பார்ப்பது ஏன்?
3. காற்றில் குதித்திருக்கும்போது திசையை மாற்ற முடியாதது ஏன்?

(விடை தெரிந்தவர்கள் பேப்பரில் எழுதி, பேர், வகுப்பு போட்டு, சுவர் இதழுக்குக் கீழே உள்ள பெட்டியில் போடவும். சரியான விடை எழுதியவர்கள் பெயர் அடுத்த இதழில் வரும்.)



— ஒன்பதாம் வகுப்பு மாணவி,
அரசுப் பள்ளி